பனமரத்துப்பட்டி முதல் ராசிபுரம் வரை: ஒரு கூடாரம், இரண்டு முதுகு

வெள்ளிக்கிழமை காலை 5.50. சேலம் பழைய பேருந்து நிலையத்தில், பனமரத்துப்பட்டி டவுன் பஸ்ஸின் பின்வாசலில் நான் சிக்கிக்கொண்டு நின்றேன். உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. என் முதுகுப் பையின் தலையில் குறுக்காகக் கட்டியிருந்த பாய்ச்சுருள் வாசலின் இரண்டு கம்பிகளிலும் முட்டிக்கொண்டிருந்தது. பையின் அடியில் தொங்கிய கூடாரமோ பின்னால் நின்றவரின் வயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தது.

"பக்கவாட்டுல திரும்பு புள்ள," என்று கீழேயிருந்து கவிதா என்னைத் திருப்பிவிட்டாள். பாயின் ஒரு முனை முதலில் நுழைந்தது. பிறகு நான் நுழைந்தேன். கடைசியில் கூடாரம் வந்து சேர்ந்தது.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லேடீஸுக்கு டிக்கெட் இல்லீங்கம்மா. ஆனா இந்த மூட்டைக்கு ஒண்ணு போட்டே ஆவணும்."

பத்து ரூபாய் கொடுத்து லக்கேஜ் சீட்டு வாங்கினேன். எனக்கு இலவசம், கூடாரத்துக்குக் கட்டணம் என்று சொல்லிக் கவிதா சிரித்துக்கொண்டே வந்தாள்.

நானும் அவளும் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இருவருக்கும் இப்போது நாற்பத்தெட்டு வயது. எனக்குச் சேலம் அம்மாப்பேட்டையில் சேலைக் கடை. அவள் திருச்செங்கோட்டில் கணவரோடு சேர்ந்து போர்வெல் ரிக் லாரிகளுக்கான உதிரிபாகக் கடை நடத்துகிறாள். வருகிற ஏப்ரலில் எட்டுப் பேர் கொண்ட குழுவோடு இமயமலையில் ஒரு கணவாய் ஏறப் போகிறோம். குழுவை அழைத்துப் போகிறவர் சேலத்துக்காரர், கறாரானவர். "அங்க சுமை தூக்க மட்டக்குதிரை எல்லாம் கிடையாது. ஆளுக்கு ஏழு, எட்டுக் கிலோ வரும். முதல்ல இங்க சமவெளியில ரெண்டு நாள் உங்க மூட்டையை நீங்களே சுமந்து நடங்க. ஒரு ராத்திரி கூடாரத்துல தூங்குங்க. முடியுமா முடியாதான்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் இந்த நடை. பனமரத்துப்பட்டியில் தொடங்கி, மல்லூர், வெண்ணந்தூர், அத்தனூர் வழியாக ராசிபுரம். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்.

ஒரு சிக்கல் இருந்தது. பதினோரு மாதத்துக்கு முன் கவிதாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. தையல் பிரிந்து மறுபடியும் போட்டார்கள். மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது நானும் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய நாளே இரண்டு பைகளையும் நானே கட்டி, கடைத் தராசில் நிறுத்துவிட்டேன். அவளுக்கு மூன்று கிலோ: துணி, தண்ணீர், ஒரு போர்வை. மீதி எல்லாம் எனக்கு, பதின்மூன்றரை கிலோ. என் பைக்குள் அடுப்பும் அரிசியும் படுக்கை உறைகளும் போன பிறகு இடமில்லை. கூடாரத்தை அடியில் நைலான் கயிற்றால் கட்டினேன். இரண்டு பாய்களையும் ஒன்றாகச் சுருட்டி மேலே கட்டினேன். பாத்திரத்தைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டேன்.

இருபது வருடமாகச் சேலைக் கட்டுகளை லாரி பார்சலுக்குக் கட்டி அனுப்புகிறவள் நான். மூட்டை கட்டுவதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

காலை 7.00. பனமரத்துப்பட்டியில் அரளித் தோட்டங்களில் பூப்பறிப்பு முடிகிற நேரம். சிவப்பும் வெள்ளையுமாக மொட்டுகளைச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டதும் நிமிர்ந்தார்கள்.

"ஏனுங்க, எந்தக் கோயிலுக்குங்க நடக்கறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கோயிலுக்கு இல்லீங்க, சும்மா நடந்து பாக்கறோம்," என்றாள் கவிதா.

"இத்தன சாமானத்தத் தூக்கிக்கிட்டு சும்மாவா?" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வயதான ஒருவர் மட்டும் வேலையை நிறுத்தாமலே, "பாத்துப் போ சாமி," என்றார்.

ஏரிக்கரை மேல் ஏறினோம். இந்த வருடம் ஏரியில் பாதிக்குத்தான் தண்ணீர். அக்கரையில் ஜருகுமலை நீலமாக நின்றது. காற்று நன்றாக இருந்தது. ஆனால் என் பின்னால் பாத்திரம் ஒவ்வொரு அடிக்கும் டங், டங் என்று அடித்தது. கால் கிலோமீட்டருக்குள் மூன்று நாய்கள் எங்களோடு சேர்ந்துகொண்டன. பாத்திரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பைக்குள் திணித்தேன். நாய்கள் திரும்பிப் போயின.

கூடாரம் தொடையின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே வந்தது. நான் இடது கால் வைத்தால் அது வலப்பக்கம் போகும்.

"எங்க ஊரு ரிக் லாரில பைப்பு இப்பிடி ஆடுச்சுன்னா டிரைவரு வண்டியவே எடுக்க மாட்டாரு," என்றாள் கவிதா.

"லாரி வேற, முதுகு வேற."

"அதத்தான் நானுஞ் சொல்றேன்."

காலை 9.20. கரையிலிருந்து இறங்கி மல்லூர்ப் பக்கம் போகும் மண் தடத்தில் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. இரண்டு தென்னந்துண்டுகளைப் பாலமாகப் போட்டு வைத்திருந்தார்கள். பத்தடி தூரம்தான். கவிதா நான்கே எட்டில் கடந்துவிட்டாள். நான் பாதி தாண்டியிருப்பேன். கரையோரச் சீமைக்கருவேலங் கிளை ஒன்றில் பாய்ச்சுருளின் இடது முனை மாட்டியது. என் உடம்பு முன்னால் போனது, பை நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க முயன்றேன். அந்தத் திருப்பத்தில் அடியில் தொங்கிய கூடாரம் முழு வேகத்தில் வலப்பக்கம் வீசியது. அதன் பின்னாலேயே நானும் போனேன்.

முழங்கால் ஆழம்தான் தண்ணீர். அதற்குக் கீழே சேறு. வலது முழங்கால் ஏதோ கல்லில் மோதியது. பை என்னை மல்லாத்திவிட்டதில், புரட்டிப் போட்ட ஆமை போலக் கிடந்தேன். கவிதா ஓடி வந்து பையின் பட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தூக்காதே! விடு! நீ வெயிட் தூக்கக் கூடாது!" என்று சேற்றில் கிடந்தபடியே கத்தினேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். நானே பட்டைகளைக் கழற்றிவிட்டு, தவழ்ந்து கரையேறினேன். பிறகு மூட்டையையும் இழுத்துப் போட்டேன். அவள் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். மல்லூர் வரைக்கும் எனக்கு இருபதடி முன்னாலேயே நடந்தாள்.

பகல் 12.15, மல்லூர். பனமரத்துப்பட்டியிலிருந்து இங்கே என் போன் கணக்கில் ஒன்பதரை கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு மெஸ்ஸில் எழுபது ரூபாய்க்குச் சாப்பாடு சாப்பிட்டோம். பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. கவிதா எழுந்து போய்க் கடைக்காரரிடம் பேசினாள். அவர் பழைய டியூப் ஒன்றை எடுத்து விரலகலப் பட்டைகளாக வெட்டிக் கொடுத்தார். ஆறு பட்டைகள், முப்பது ரூபாய்.

"கயிறு நடக்க நடக்க தளந்துரும். இது இழுத்துப் புடிச்சுக்கும்," என்று அவற்றை என் முன்னால் வைத்தாள். "நாங் கட்டட்டுமா?"

"வேண்டாம், நான் கட்டிக்கிறேன்."

கட்டினேன். தவறுகளில் பாதியைச் சரியாகவே திருத்தினேன் என்று இப்போதும் சொல்வேன். பாய்களைத் தனித்தனியாகச் சுருட்டி, பையின் இரண்டு பக்கமும் செங்குத்தாக நிறுத்தினேன். இப்போது என் தோளகலத்துக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கூடாரத்தை அடியில் ஆடாமல் ரப்பர் பட்டையால் இறுக்கினேன். அதன் சுருள் சிறியதாகட்டும் என்று உள்ளேயிருந்த மடக்குக் கம்பிகளை மட்டும் உறையோடு வெளியே எடுத்து, தண்ணீர்ப் பாட்டில் வைக்கும் பக்கவாட்டுப் பையில் சொருகினேன்.

"அந்தக் கம்பியயாச்சும் எங்கிட்டக் குடு," என்றாள் கவிதா. "முக்கால் கிலோ கூட இருக்காது."

"பரவாயில்லை."

"அப்ப மேல ஒரு கட்டாவது போடு."

"கீழ பை பிடிச்சுக்குது. போதும்."

மாலை 4.30. வெண்ணந்தூருக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கு நடுவே தடம் நீண்டது. முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தாலும் மூட்டை முதுகோடு ஒட்டி நின்றதில் நடை நன்றாக இருந்தது. மேற்கே அலவாய்மலையின் தலை மறைந்துவிட்டது. அங்கிருந்து ஒரு கருத்த மேகம் எங்கள் பக்கமாக நகர்ந்து வந்தது. இன்று இங்கேயே தங்கிவிடலாம் என்று முடிவு செய்து, ஒரு கிணற்று மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் களம் மாதிரி சமமாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த வீட்டில் கேட்டோம். வெளியே வந்த பெண்ணுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். பெயர் பாவாயி.

"தாராளமாப் போட்டுக்கங்க. மழ வருதே, உள்ளயே படுத்துக்கலாமுல்லங்க?"

"இன்னிக்கு இதுலதானுங்க படுக்கோணும்," என்றாள் கவிதா.

பையை இறக்கிக் கூடாரத் துணியை விரித்தேன். கம்பிகளை எடுக்கப் பக்கவாட்டுப் பைக்குள் கையை விட்டேன். பை காலியாக இருந்தது.

மறுபக்கப் பையிலும் இல்லை. எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தேன். கம்பி இல்லாவிட்டால் கூடாரம் வெறும் துணி. கவிதா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மேகத்தைப் பார்த்தாள், தடத்தைப் பார்த்தாள்.

"கடைசியா அந்தப் புளியமரத்துக்கிட்டத் தண்ணி குடிச்சோமே, அப்ப இருந்துச்சா?"

"இருந்தது. பாட்டிலை எடுக்கும்போது கையில் பட்டது."

"அப்ப அங்கிருந்து இங்க வரைக்குந்தான். ரெண்டு கிலோமீட்டர். மூட்டைய வச்சுட்டு வெறுங்கையோட ஓடு. நான் பாத்துக்கறேன்."

ஓட முடியவில்லை. நொண்டியபடியே வேகமாக நடந்தேன். தடத்தின் இரண்டு ஓரங்களையும் பார்த்துக்கொண்டே போனேன். காற்று எழுந்து குச்சிக்கிழங்கு இலைகளைப் புரட்டியது. புளியமரம் வரைக்கும் போய்விட்டேன். எதுவும் இல்லை. மரத்தடியில் நின்றபோது ஒன்று உறைத்தது. பாட்டிலை வெளியே உருவியபோதே கம்பிகளுக்கு இருந்த பிடிப்பும் போய்விட்டது. பாட்டிலைத் திரும்ப அங்கே வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

பால் கேன்களோடு ஒருவர் மொபெட்டில் வந்தார். நிறுத்திக் கேட்டேன்.

"ஒரு பச்சை உறை, ஒன்றரை அடி நீளம், உள்ளே மடக்குக் கம்பி..."

"ஓ, அது உங்களுதுங்களா? நான் தூண்டிலுன்னு நெனச்சுட்டனுங்க. மீன் புடிக்கப் போறவன் எவனோ போட்டுட்டுப் போயிட்டான்னு..." என்று பின்னால் திரும்பிக் காட்டினார். "பாலெடுக்கப் போறப்பவே அந்த முக்குல கம்பி வேலில மாட்டி வச்சிட்டேன். ரோட்டுல கெடந்தா வண்டி ஏறிரும்னு."

நான் தரையையே பார்த்து நடந்ததில், இடுப்பு உயரத்தில் தொங்கிய உறையைத் தாண்டி வந்திருக்கிறேன். அவரே என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டார். வேலியில் நிறுத்தி உறையை எடுத்துக் கொடுத்தார். பாவாயியின் வீட்டு முன்னால் என்னை இறக்கிவிட்டபோது முதல் துளிகள் விழுந்தன.

"அடுத்த தடவ நல்லாக் கட்டுங்கம்மா," என்று சொல்லிவிட்டு மழைக்கு முன்னால் போய்விட வண்டியை முறுக்கினார்.

அங்கே கவிதா இரண்டு பைகளையும் காலி செய்து மறுபடி அடுக்கியிருந்தாள். அவள் பை நிறைந்திருந்தது. அதை முதுகில் மாட்டிக்கொண்டு, மோட்டார் ரூம் பக்கம் முன்னும் பின்னும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யறே நீ? கழட்டு அதை!" என்று கத்தினேன்.

அவள் கழற்றவில்லை.

"பதினோரு மாசமா என்ற ஊட்டுல ஒரு கொடந் தண்ணியத் தொட உடறதில்ல. அவுரு உடறதில்ல, மாமியா உடறதில்ல. கடையில ஒரு போல்ட் டப்பாவ எடுத்தாக்கூட ஆளு ஓடி வாராங்க. உன்ற கூட வந்தாலாச்சும் தப்பிச்சுக்கலாம்னு வந்தேன். நீ சேத்துல கெடந்துக்கிட்டு என்னத் தொடாதங்கற."

"டாக்டர் மூணு கிலோதானே..."

"அது அப்ப. வயித்துக்கு பெல்ட்டப் போட்டுக்கிட்டு எட்டுக் கிலோ வரைக்கும் தூக்கிப் பழகுங்கன்னு போன மாசமே சொல்லிட்டாரு. பெல்ட்டு போட்டுத்தான் இருக்கேன்."

"என்கிட்டே சொல்லவே இல்லையே நீ?"

"நீ கேக்கவே இல்லயே புள்ள."

மழை வலுத்தது. இந்த நடைக்காக ஒரு மாதமாகக் கிராம் கணக்கில் பட்டியல் போட்டிருக்கிறேன். அந்தப் பட்டியலில் அவளைப் பற்றிய ஒரே கணக்கு, பதினோரு மாதத்துக்கு முன் மருத்துவமனை அறையில் கேட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் போனில் பேசியிருக்கிறோம். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். உன்னால் எவ்வளவு முடிகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"சரி, கம்பியப் புடி," என்றாள். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. நனைந்துகொண்டே வளைத்தோம். ஏழே நிமிடத்தில் கூடாரம் நின்றுவிட்டது. பாவாயி குடையோடு வந்து சுடுசோறும் தட்டப்பயிறுக் குழம்பும் கொடுத்தாள். கூடாரத்துக்குள் தலையை நீட்டிப் பார்த்து, "உள்ள நனையலீங்களே!" என்று ஆச்சரியப்பட்டாள். எட்டு மணிக்கெல்லாம் இருவரும் தூங்கிவிட்டோம்.

சனிக்கிழமை காலை 6.30. மழை கழுவிவிட்ட வானம். கிழக்கே போதமலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. துணியைக் காற்றில் உதறிக் காய வைத்துவிட்டுக் கட்டத் தொடங்கினோம். இம்முறை அவள் சொல்ல, நான் செய்தேன்.

இதே போன்ற நடைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். முதல் விஷயம், வெளியே எதைக் கட்டுவது என்று யோசிப்பதற்கு முன் உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கவிதாவின் பை முதல் நாள் பாதிக்கு மேல் காலியாகவே இருந்தது. கூடாரத் துணியைச் சுருட்டாமல் மடித்து, அவள் பைக்குள் முதுகை ஒட்டிய பக்கத்தில் இறக்கினோம். வெளியே கட்ட வேண்டியவை என்று மிஞ்சியவை பாய்களும் கம்பிகளும் மட்டுமே. பாய் எடையில்லாதது, ஆளுக்கொன்றாகப் பக்கவாட்டில் நின்றது. கம்பி என் பையில் இருந்தது. அதன் அடி பக்கவாட்டுப் பையில், நடுப்பகுதி பையோடு வந்த பட்டையில், தலை ரப்பர் பட்டையில். எந்தப் பொருளுக்கும் ஒரே கட்டு போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று அவிழ்ந்தாலும் மற்றது நமக்குச் சொல்லிவிடும். கனமானது மேலேயும் முதுகோடு ஒட்டியும் இருக்க வேண்டும். அடியில் தொங்கவே கூடாது. சேலைக் கட்டு லாரியில் படுத்துக்கொண்டு போகிறது. முதுகில் ஏறிய மூட்டையோ நாம் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் தானும் ஓர் அடி வைக்கிறது. இருபது வருட அனுபவம் எனக்குச் சொல்லித்தராதது இதைத்தான்.

"குதி," என்றாள் கவிதா. மூன்று முறை குதித்தேன். எதுவும் ஆடவில்லை. அவளும் குதித்தாள். பாவாயி கதவருகே நின்று சிரித்தாள்.

"போயிட்டு வாரோமுங்க."

"வாங்க அம்மிணி. அடுத்த வாட்டி ஊட்டுக்குள்ள படுக்கோணும்."

காலை 8.00, வெண்ணந்தூர். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். பேச வேண்டுமென்றால் காதருகே வர வேண்டும். ஒரு நூல் கடையில் தராசைக் கண்டதும் கவிதா நின்றுவிட்டாள். பையைக் கழற்றி வைத்து நிறுத்தாள். ஏழு கிலோ இருநூறு. கடைக்காரர், "என்னங்க சரக்கு?" என்றார். "ஊடுங்க," என்றாள் கவிதா. கூடாரத்தைத்தான் வீடு என்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. எனது ஒன்பதரை கிலோவுக்கு வந்திருந்தது.

பிறகு அத்தனூர். கோழிப்பண்ணைகளின் வாடை காற்றோடு வந்து வந்து போனது. வெயில் ஏறியது. இங்கேதான் என் முழங்கால் என்னைக் கைவிட்டது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உட்கார வேண்டியிருந்தது. கவிதா முன்னால் நடந்துவிட்டு, மரநிழலில் நின்று எனக்காகக் காத்திருந்தாள். ஓரிடத்தில் இளநீர் வாங்கி, என் கையில் கொடுக்கும்போது கேட்டாள்.

"என்ற பையில இன்னும் எண்ணூறு கிராம் எடம் இருக்குது. உன்ற பாட்டிலக் குடுக்கறயா?"

முதலில் வாய் தானாகவே வேண்டாம் என்று சொல்ல வந்தது. அடக்கிக்கொண்டு, பாட்டிலில் அரை லிட்டர் மட்டும் இருக்கும்படி மீதியைக் குடித்துவிட்டுக் கொடுத்தேன்.

பகல் 2.10, ராசிபுரம். சேற்றுக் காலணியும் வெயிலில் கருத்த முகமுமாகப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து டீ குடித்தோம். குழுத் தலைவரை அழைத்தேன். அவர் முதலில் கேட்டது, "யார் மூட்டையை யார் தூக்கினீங்க?"

நான் பதில் தேடுவதற்குள் கவிதா போனை வாங்கிக்கொண்டாள்.

"நேத்து முழுக்க அவதாங்க தூக்குனா. கீழயும் உழுந்தா. இன்னிக்குக் காலம்பற இருந்து என்னுத நானே தூக்குனேன். ஏழு கிலோ இருநூறு. தராசுல போட்டுப் பாத்துட்டேன்." மறுமுனையில் அவர் என்னவோ கேட்டார். "வயிறு நல்லா இருக்குதுங்க. டாக்டரு சீட்டு வேணுமுன்னா வாங்கித் தாரேன். முட்டிதான் வீங்கிருக்குது. என்னுது இல்லீங்க, அவளுது."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை என்னிடம் தந்தாள். "ஏப்ரலுக்குள்ள இன்னும் நாலு நடை நடக்கணுமாம். ரெண்டு பேர் பேரையும் எழுதிக்கிட்டாரு. உன்னை முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாரு."

சிரித்துவிட்டேன். அவள் கணவர் காரோடு வருகிறேன் என்று இரண்டு முறை அழைத்திருந்தார். பஸ்ஸிலேயே வருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். நாங்கள் நடந்த தூரத்தைச் சேலம் பஸ் ஒரு மணி நேரத்துக்குள் தாண்டிவிடும். வாய்க்கால், புளியமரம், கம்பி வேலி எதுவும் ஜன்னலில் தெரியப் போவதில்லை. இருபத்தைந்து வருடமாக இந்தச் சாலையில் சேலை வாங்கவும் கல்யாணங்களுக்கும் போய் வந்திருக்கிறேன். நேற்று வரை இந்த ஊர்களை எனக்குப் பெயர்ப்பலகைகளாகத்தான் தெரியும்.

திருச்செங்கோடு பஸ் வந்தது. நல்ல கூட்டம். கவிதா பையைக் கழற்றி மார்புப் பக்கமாக மாட்டிக்கொண்டு படியேறினாள். எங்கும் இடிக்கவில்லை. உள்ளே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்டக்டரிடம் என்னவோ வாதாடத் தொடங்கியிருந்தாள். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

அவளுக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்கப் போனை எடுத்தேன். எண்ணை அழுத்தவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் பஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்க நொண்டியபடியே நடந்தேன்.